மழையைக் கேட்ட பைண்டிங் பாய்

கிழக்குத் தாம்பரத்தில் பொருளாதாரம் படித்த எவரும் பைண்டிங் பாயிடம் திட்டு வாங்காமல் பட்டம் வாங்கியதில்லை. ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டுத் தருவது அவர் தொழில். ஆனால் முழுக்கப் படிக்காமல் அட்டை போடமாட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர். கடைக்கு வந்த ஏடுகளைப் படித்தே பொருளாதாரம் கற்றவர்.

"இன்னாமா, நீயும் ஷேர் மார்க்கெட்டா? காலைலேர்ந்து இது நாலாவது. வெய்யில்ல மனுசன் சுருண்டு வுழுறான். ஏரி வூட்டுக்குள்ள வந்துகினு கீது. அத்த எவனாச்சும் எழுதுறீங்களா?"

திட்டுவதோடு நிற்கமாட்டார். ஓரத்தில் பென்சிலால் கேள்வியும் எழுதிவைப்பார். என் வகுப்புத் தோழன் ஒருவனின் ஏட்டில் 'மழை பெய்தால் இது என்ன ஆகும்?' என்று எழுதியிருந்தார். வெளித் தேர்வாளர் எழுதியது என்று நினைத்த துறைத்தலைவர், அவனை ஒரு மணி நேரம் வறுத்தெடுத்துவிட்டார். அவன் நேரே கடைக்கு வந்து கத்தினான்.

"பதில் சொன்னியா?" என்றார் பாய்.

"தெரியலன்னேன்."

"அப்போ நாயமான கேள்விதான்."

விழுந்து விழுந்து சிரித்தோம். தலைப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அந்த ஐப்பசியில் செம்பாக்கம் ஏரி நிரம்பி, பாய் குடியிருந்த தெருவில் இடுப்பளவு தண்ணீர். அவர் மனைவி மெகருன்னிசாவுக்கு ஆஸ்துமா. மூச்சு முட்டியபோது ஆட்டோ எதுவும் வரவில்லை. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தாண்டவில்லை. படகு வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துக் கடை திறந்தது. தங்கத்தின் விலை பற்றிய என் எம்.ஃபில். ஏட்டைக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பசை தடவ ஆரம்பித்தார். எனக்கு என்னவோ போலிருந்தது.

"திட்டமாட்டீங்களா பாய்?"

"மூச்சுத் திணறல்ல செத்ததா எழுதிக் குடுத்துட்டாங்கமா. மழைல செத்தவங்க லிஸ்ட்ல அவ பேரு இல்ல." பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "இவள மாதிரி இன்னும் எத்தினி பேரோ? எண்றதுக்கு ஆளில்ல. நீங்கள்லாம் இன்னாத்துக்குமா படிக்கிறீங்க?"

கணக்கில் வராத அந்தச் சாவுகளையே பிஎச்.டி.க்கு எடுத்துக்கொண்டேன்.

செம்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை வரை வீடு வீடாகப் போனேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாயும் கூடவே வந்தார். கதவைச் சாத்தியவர்களிடம் சண்டை போட்டார். அழுதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதார். மனைவியின் பெயரை நான் எழுதும்போது மட்டும், பிழை வந்துவிடக் கூடாதென்று எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

நாங்கள் சேர்த்த அந்தப் பட்டியலை எந்த அலுவலகமும் ஏற்கவில்லை. ஆனால் அதைப் படித்த என் மாணவிகள் இருவர், வெயிலில் மீன் விற்கும் பெண்கள் என்ன ஆகிறார்கள் என்று இப்போது ஆராய்கிறார்கள். பாயிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ரெண்டே பேரா?" என்றார்.

இப்போது குன்றத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். தூறல் விழுந்தாலே எனக்குப் போன் வரும்: "வூட்டுக்குப் போய்ட்டியாமா?"

போன வாரம் மழை பிடித்து அரைமணி ஆகியும் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"சார்ஜ்ல போட்டுகினு இருந்தேன்மா," என்றார். "அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"