மோர்டனில் எனக்கு நடந்த ரெஜிஸ்ட்ரேஷன்

சட்டத்தைப் பாதி படித்தவரைப் போல ஆபத்தான பிறவி கிடையாது. லண்டனுக்கு வந்த புதிதில் நான் விசா விதிகளை மனப்பாடம் செய்தேன். அந்தச் சூட்டோடு தேர்தல் விதிகளையும் பாதி படித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வாரநாளில் மென்பொருள் வேலை, வார இறுதியில் தெற்கு லண்டனின் மோர்டனில் ஒரு சின்னத் தொண்டுக் குழுவில் சமூக சேவை. (சேவை என்றால், மற்றவர்கள் செய்வதில் குற்றம் கண்டுபிடிப்பது.) காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், இங்கே முறையாகக் குடியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களும் ஓட்டுப் போடலாம், பெயரைப் பதிந்திருந்தால் போதும். பல பேருக்கு அது தெரியாது. கடைசித் தேதி நெருங்கியதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எடுத்து முகாம் போடுவதென்று முடிவாயிற்று.

பொறுப்பு எனக்கும் குகனுக்கும். குகன் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர், பரம சாது. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் தாரணி என்று ஒரு பெண்ணைப் பார்த்து, பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. அந்தப் பெயரைச் சொன்னாலே மனிதருக்குக் காது சிவக்கும்.

நோட்டீஸ் எழுதும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். குகன் 'வாக்காளர் பதிவு' என்று தொடங்கியிருந்தார்.

"வாக்காளர்னா அரசியல் வாடை அடிக்கும் குகன். நம்ம குழு எந்தக் கட்சிப் பக்கமும் சாயக் கூடாது. அது ரூல்" என்று அடித்துவிட்டு, 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று மட்டும் எழுதினேன். 'தேர்தல்' என்ற சொல்லும் அதே குற்றத்துக்காக வெளியேறியது. பரிசு கொடுத்து ஆள் பிடித்தால் வம்பு என்று எங்கோ படித்திருந்தேன். அதையும் ஒரு வரியில் தெளிவாக்கினேன். பொறுப்பாளர் பெயர் அச்சிட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. (அது பிரசாரத் தாளுக்குத்தான். பாதிதான் படித்தேன் என்றேனே.) போடுவதைப் பெரிதாகவே போடுவோம் என்று எங்கள் இருவர் பெயரையும் தலைப்பில் போட்டேன். கடைசியில் வாட்ஸ்அப்பில் பறந்தது இதுதான்:

"குகன் – வித்யா. ரெஜிஸ்ட்ரேஷன். ஞாயிறு காலை பதினொரு மணி, மோர்டன். அனைவரும் குடும்பத்துடன் வருக. அன்பளிப்புக்கு இடமில்லை."

குகன் ஆபீஸ் அவசரத்தில் படிக்காமலேயே "ஓம், நல்லது" என்று பதில் போட்டார்.

ஞாயிறன்று ஜீன்ஸும் தொண்டர்கள் மாட்டிக்கொள்ளும் பளபளக்கும் மஞ்சள் வெஸ்டுமாக வாசலில் நின்றேன். கார் காராக வந்தார்கள். எல்லாம் பட்டுச் சேலை, வேட்டி. ஜனநாயகத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஒரு ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பிளை நீர்தானோ?"

எனக்குச் சுருக்கென்றது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் இப்படியா கேட்பது? "ஆமா ஆன்ட்டி, பொம்பளைதான். பார்த்தா தெரியலையா?"

"இல்லைப் பிள்ளை, சாறி உடுக்கேல்லை, அதுதான் கேட்டனான்."

"இதுதான் ஆன்ட்டி வசதி. அஞ்சு நிமிஷ வேலை, போன்லயே முடிச்சிடலாம்."

"போனிலையோ? ஐயர் வரேல்லையோ?"

"ஐயர் எதுக்கு? இதுல சாதி, மதம் எதுவும் கிடையாது ஆன்ட்டி."

ஆன்ட்டி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து குகன் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வித்யா, என்ன எழுதினீங்கள்? போனிலை அம்மா அழுறா. எங்கட சனத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் எண்டால் கலியாண எழுத்து."

"ஐயோ. அப்ப பொம்பிளைன்னா?"

"மணப்பெண்."

வாசலில் நின்று நான் கொடுத்திருந்த வாக்குமூலம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்பதற்குள், தாரணியின் அப்பா சிவபாதம் மனைவியோடு வந்து நின்றார். அவர்கள் பட்டு உடுத்தியிருக்கவில்லை.

"தம்பி, முதலே சொல்லியிருந்தால் நாங்கள் வேறை இடம் பாத்திருப்பம்" என்றார் மெதுவாக.

குகன் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஒரு நல்ல மனுஷனின் வாழ்க்கையை ஒரு நோட்டீஸில் காலி பண்ணிவிட்டேன்.

"அங்கிள், இது கல்யாணம் இல்ல. ஓட்டுக்குப் பேர் பதியறது" என்று குறுக்கே விழுந்தேன். "நீங்க பதிஞ்சாச்சா?"

அவர் தடுமாறினார். "இல்லை. நான் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட். எனக்கு ஏலாதெண்டெல்லோ நினைச்சனான்."

"ஏலும் அங்கிள், ஏலும்." பதற்றத்தில் எனக்கு யாழ்ப்பாணத் தமிழே வந்துவிட்டது.

உட்காரவைத்துப் போனைத் திறந்து கொடுத்தேன். உண்மையிலேயே அரசாங்கத்தின் இணையப் பக்கம்தானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பதிந்தார். "மனுசிக்கும் நானே போட்டுவிடுறன்" என்றார். அவரவர் பெயரை அவரவரேதான் பதிய வேண்டும் என்றேன். அவர் மனைவி அதற்காகவே காத்திருந்தவர் போல, அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

"சரி பிள்ளை, வோட் ஆருக்குப் போடுறது?"

"அதை நான் சொல்லக் கூடாது அங்கிள், ரூல்."

"அப்ப இதைச் சொல்லும். இவருக்கு உம்மிலை விருப்பமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் குகன் முந்திக்கொண்டார். "இல்லை மாமா. இவவை எனக்குக் கண்ணிலை காட்டேலாது."

அந்த 'மாமா'வில் மீதிக் கால்வாசிப் பேச்சும் முடிந்தது.

பட்டுச் சேலைகள் வந்ததுதான் வந்தோம் என்று பெயரைப் பதிந்துவிட்டுப் போயின. அடுத்த முறை 'வாக்காளர் பதிவு' என்று ஒழுங்காக நோட்டீஸ் போட்டோம். நாங்கள் மட்டும் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

பின்னால் எனக்குக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, கல்யாணமும் ஆகி, அவரும் லண்டனுக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு தேர்தலன்றும் காலையில் சிவபாதம் அங்கிள் எங்கள் வீட்டுக்குப் போன் செய்கிறார். பெரும்பாலும் என் கணவர்தான் எடுப்பார்.

"ஆர், ரெண்டாவது மாப்பிளையோ? பொம்பிளையிட்டைக் குடும் தம்பி. வோட் போட்டாச்சோ எண்டு கேக்கோணும்."