ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிசைசிவ்

நாற்பத்தாறாவது வயதில், இனிமேல் உறுதியான ஆளாக இருப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவையும் முதலாளிதான் எடுத்துக் கொடுத்தார்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, மூக்கின்மேல் இரும்பு ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரையே முடிவெடுக்க வைக்கிறவன் நான். என்னிடம் யாராவது மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டால் மட்டும் வியர்த்துவிடும்.

முதலாளி இரண்டாவது கடை திறக்கப் போவதாகச் செய்தி வந்தது. பதினெட்டு வருஷமாக மேலாளர் பதவிக்கு ஏங்குகிறவன் சும்மா இருப்பேனா? நேரே போய்க் கேட்டுவிட்டேன். "வேலை தெரியும். ஆனா மேனேஜர்னா டிசைசிவ்வா இருக்கணுமே" என்றார். வீட்டில் முடிவெடுக்கத் தெரியாதவனுக்குக் கடையிலும் தெரியாது என்பது அவர் கொள்கை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்து பார்க்கிறாராம்.

எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளிடம் அர்த்தம் கேட்டேன். கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறாள். "ஒரு ஆளைச் சொன்னா, தயங்காம முடிவெடுத்து அதுலயே நிக்கறவங்க. ஃபுட்பால்ல ஒரு கோலைச் சொன்னா, ஆட்டத்தையே முடிச்சு வெச்ச கோல்" என்றாள். வாக்கியத்தில் அமைத்துக் காட்டு என்றேன். "அம்மா டிசைசிவ்" என்றாள். அப்பாவை வைத்து ஒன்று கேட்டேன். அதற்கு வேறு சொல் இருக்கிறதாம். சொல்லாமலே எழுந்து போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் மனைவியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். முதலாளி இருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் நான் வைத்ததுதான் சட்டம். அவள் மூன்று கேள்வி கேட்க வேண்டும், நான் பட்டுப் பட்டென்று பதில் சொல்ல வேண்டும். "அவ்வளவுதானே, செஞ்சுட்டாப் போச்சு" என்றாள். கேள்விகளையும் அவளே எழுதினாள். பதில்களையும் அவளே எழுதிவிட்டாள். ஜன்னலா, ஃபேனா? ஜன்னல். காபியா, டீயா? டீ. திரைச்சீலை நீலமா, பச்சையா? நீலம். இரண்டு நாள் ஒத்திகையில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

முதலாளி வந்தார். உட்கார்ந்தார். மனைவி வரிசையை மாற்றி, "காபி போடட்டுமா, டீ போடட்டுமா?" என்றாள்.

"ஜன்னல்" என்றேன்.

முதலாளி புருவத்தைத் தூக்கினார். ஆனாலும் விடுவேனா? "டீ போட்டு ஜன்னல் பக்கமா வை. அங்கதான் காத்து வரும்" என்று அதட்டினேன். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளில் காபி தவிர எதையும் தொடாத மனிதர், என் உறுதியைப் பார்த்து டீயை மடக் மடக்கென்று குடித்தார். திரைச்சீலைக்கு நீலம் என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பதவி கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார். புதுக் கடைக்கு இரண்டு இடம் பார்த்திருக்கிறார். ஒன்று பஸ் நிலையத்துக்கு எதிரில், இன்னொன்று கண் ஆஸ்பத்திரி வாசலில். மூன்று மாதமாக அவருக்கே பிடிபடவில்லை. எது சரி என்று என்னைக் கேட்டார்.

இது ஒத்திகையில் வரவே இல்லையே. பஸ் நிலையத்தில் கூட்டம் அதிகம் என்றேன். ஆனால் ஆஸ்பத்திரியிலும் கூட்டம்தான் என்றேன். முதலாளி ஆமாம் என்றார். அங்கே வெளிச்சம் என்றேன், இங்கே நிழல் என்றேன். அவர் இரண்டுக்கும் ஆமாம் என்றார். இருவருமாகக் கால் மணி நேரம் ஆமாம் போட்டோம்.

கப்பை எடுக்க வந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஆஸ்பத்திரி வாசல்தாங்க. பஸ்ஸுக்கு ஓடறவங்க நின்னு கண்ணாடி வாங்க மாட்டாங்க. கையில டாக்டர் சீட்டோட வெளிய வர்றவங்க நம்மளைத் தாண்டிப் போக மாட்டாங்க. கப்பைக் குடுங்க."

முதலாளி கப்பைக் கொடுத்தார். பிறகு அவள் எங்கேயாவது வேலை பார்த்திருக்கிறாளா என்று விசாரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் மருந்துக்கடை கவுண்டரில் நின்றவள் என்று நானே பெருமையாக எடுத்துவிட்டேன். போகும்போது என் தோளைத் தட்டி, "காலைல ஆர்டரை வாங்கிக்குங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அப்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

காலையில் கடை வாசலிலேயே கவரைப் பிரித்தேன். மேலாளர் என்று போட்ட இடத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது. ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் மேலாளர் பொறுப்பு என்று அடியில் ஒரு வரி.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பதவி வெளியாருக்கா போய்விட்டது? எங்கள் வீட்டுக்குத்தானே வந்தது! ஜெயித்த ஆளாகவே வீட்டுக்குத் திரும்பிக் கவரை நீட்டினேன். படித்தாள், மடித்தாள், நாளைக்கே சேர்கிறேன் என்று சொல்லச் சொன்னாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

புதுக் கடைக்குக் கண் பரிசோதிக்க ஆள் வேண்டுமே, பதினெட்டு வருஷ அனுபவத்தோடு ஒருவன் வீட்டிலேயே இருக்கிறானே, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக, "யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள்.