உன் அப்பாவும் அந்த இரும்பு வளைவும்

அத்திபெலே,
திங்கட்கிழமை

அல்சூரில் வேலை பார்க்கும் என் ஒரே மகள் இளவேனிலுக்கு, அப்பா உத்தமன் மனம் நிறைந்த ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, ரோஜாத் தோட்டம் மூவரும் நலம். டிராக்டருக்கு மட்டும் உடம்பு சரியில்லை, ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. போனில் சொன்னால் நீ என்னை முடிக்கவே விடமாட்டாய் என்பதால் இந்தக் கடிதம்.

வண்டி கவிழ்ந்தால் நான் நசுங்கக்கூடாது என்று சீட்டுக்குப் பின்னால் இரும்பு வளைவும் ஒரு பெல்ட்டும் போட வைத்தாயே, அது வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. முதல் நாளே கொட்டகை வாசலில் இடித்து நாலு ஓடு விழுந்தது. மறுநாள் மாங்கிளையில் மாட்டி, கிளை முறிந்து, ஒரு எறும்புக்கூடு முழுவதும் என் சட்டைக்குள் குடிவந்தது. பக்கத்துத் தோட்டத்து ஸ்ரீஹர்ஷா வேறு, "என்ன உத்தமண்ணா, வண்டிக்குக் கல்யாணமா? வளைவெல்லாம் பலமா இருக்கே!" என்று ஊர் கேட்கக் கேட்டான். முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவனுக்கு ரோஷம் வராதா? கழற்றி எறிந்துவிட்டேன்.  உன் அம்மா வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது ஏறினாத்தான் இது எறங்கும்" என்றாள். மூன்று நாள் கெஞ்சிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பெல்ட்டை மட்டும் மாட்டாமல் ஓட்டினேன். அதையும் கண்டுபிடித்தாள்.

"பெல்ட்டு எங்கங்க?"

"அது மேலதான் உக்காந்திருக்கேன், அம்புஜம்."

"அதுதான் உங்க மேல இருக்கணும்."

குழந்தைக்குச் சட்டைப் பட்டன் போடுவதுபோல அவளே மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

நேற்று எரு ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேல் போனேன். மழையில் ஊறிய ஓரம் சரிந்து பின்சக்கரம் இறங்கியது. குதிக்கப் பார்த்தேன். பெல்ட் விடவில்லை. அதைத் திட்டி முடிப்பதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. வளைவு சேற்றில் குத்தியதால் வண்டி மேற்கொண்டு உருளாமல் நின்றது. நான் கொடியில் போட்ட வேட்டி மாதிரி தொங்கினேன். குதித்திருந்தால் எங்கே விழுந்திருப்பேனோ, சரியாக அந்த இடத்தில் மட்கார்டு புதைந்து கிடந்தது.

ஸ்ரீஹர்ஷாதான் ஓடிவந்து இன்ஜினை அணைத்தான்.

"அண்ணா, பேசுங்கண்ணா! ஏதாச்சும் பேசுங்க!"

"பெல்ட்டை மெதுவா எடுடா. விழுந்துடப் போறேன்."

அவ்வளவுதான், அவ்வளவு பெரிய ஆள் சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டான். உன் அம்மா வந்து தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். எல்லாம் முழுசாக இருக்கிறது என்று தெரிந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். டாக்டர் பார்த்ததில் எனக்கு இருந்த ஒரே காயம் அதுதான். ஸ்ரீஹர்ஷா தன் வண்டிக்கும் வளைவு வேண்டும் என்று இன்று காலையே வந்துவிட்டான். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. எனக்குத் துளியும் பயமில்லை. லீவு போட்டு ஓடிவராதே. போகுமிடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களும் சூடான சாப்பாடும் கிடைக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
உத்தமன்

பி.கு.: பயமில்லை என்று எழுதியது பொய். சனிக்கிழமை வண்டி திரும்பி வருகிறது.  இந்தப் பயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, கண்ணு. நான் ஏறும்போது நீ கொஞ்சம் பக்கத்தில் நின்றால் போதும்.