கொடுவா மீனுக்குத் தாலி கட்டிய கதை

உத்தியோகமும் காற்சட்டையும் ஒரே மாதத்தில் கிடைத்துவிட்டால், ஒருவனுடைய புத்தி சில காலம் லீவில் போய்விடும். என்னுடையது நேராக மட்டக்களப்பு வாவியில் போய் விழுந்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். வாவியில் கொடுவா மீன் குறைந்துகொண்டு வருகிறதா, இன்னும் பெரிய வலைகளை அனுமதிக்கலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பாளனும் எடுபிடியும் நான். தற்காலிக வேலைதான். (ஊரில் ‘கவுண்மேந்து உத்தியோகம்’ என்று சொல்லிக்கொண்டேன்.)

துரையின் கணக்கு எளிது. கொஞ்ச மீனைப் பிடித்து, அடையாளம் கட்டித் திரும்ப விட வேண்டும். பிறகு துறைக்கு வரும் மீன்களில் அடையாளம் உள்ளவை நிறைய இருந்தால் வாவியில் மீன் குறைவு, பிடிப்பது அதிகம். அடையாளமே அகப்படாவிட்டால் மீன் அளவில்லாமல் கிடக்கிறது.

அடையாளத்துக்கு நூல் வாங்கியவன் நான். தூரத்திலேயே தெரியட்டும் என்று சாயம் போகாத நல்ல மஞ்சள் நூலாகப் பார்த்து வாங்கினேன். அந்தக் காலைகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. பனி கலையாத வாவி, தோணியில் தட்டும் சிற்றலை, கைக்குள் திமிறும் கொடுவா. ஒவ்வொன்றின் வாலடியிலும் மூன்று முடிச்சுப் போட்டு விட்டேன். நூல் கட்டிய மீனைக் கொண்டுவந்து காட்டும்படி துறையில் ஓர் அறிவித்தலும் ஒட்டினேன். அழகான கையெழுத்தில், ஆங்கிலத்தில்!

வாரக்கணக்காகக் கூடை கூடையாகக் கிளறினோம். ஒரு மஞ்சள் நூல்கூட இல்லை. துரைக்கு ஒரே சந்தோஷம். “இந்த வாவி வற்றாத களஞ்சியம்” என்றார். எனக்கு வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார்.

அந்தத் தைரியத்தில்தான் மண்டூருக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் தங்கம்மா. அவளுடைய தகப்பன் சின்னத்தம்பியார் வாவியில் தோணிகளும் வலைகளும் வைத்திருப்பவர். சாப்பிடும்போது அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“உங்கட துரைக்கு ஒரு புதினமான சங்கதி சொல்லுங்க மனே. ஆரோ ஒரு விசரன் மீனுக்கெல்லாம் தாலி கட்டி விட்டிருக்கான்.”

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன்.

“வலைக்கு அஞ்சாறு வருகுது. தாலியோட வந்ததக் கொல்லுறதா? பாவம் எண்டு தண்ணிக்குள்ளயே விட்டிருவம். எல்லாத் தோணியிலயும் அப்பிடித்தான்.”

வலைக்கு ஐந்தாறு! அப்படியென்றால் வாவியில் கொடுவா தீர்ந்துகொண்டிருக்கிறது. துரையின் அறிக்கையோ பெரிய வலை போடலாம் என்ற முடிவோடு தபாலுக்குத் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு உத்தியோகமும் கிடைக்கும், பெண்ணும் கிடைக்கும். இந்த வீட்டு வலைக்குத்தான் நாளைக்கு ஒன்றும் கிடைக்காது.

“அந்த விசரன் நான்தான் மாமா” என்றேன்.

கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. தங்கம்மாவின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான்.

மறுநாள் சின்னத்தம்பியாரே என்னோடு துரையிடம் வந்தார். அவர் சொல்லச் சொல்ல மொழிபெயர்க்க வேண்டியவன் நான். (விசரன், பைத்தியம் என்று வந்த இடங்களை மட்டும் விழுங்கிவிட்டேன்.)

“தாலி என்றால் என்ன?” என்று துரை கேட்டார்.

“மாப்பிள்ளை பெண்ணுக்குக் கட்டுவது, சேர்.”

துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். “அப்படியானால் இந்த மீன்களுக்கு யார் மாப்பிள்ளை?”

“நான்தான், சேர்.”

அவர் சிரிக்கவில்லை. அறிக்கையைக் கிழித்துப் போட்டார். இரண்டாம் முறை அடையாளம் தகரத் துண்டு, அறிவித்தல் தமிழில், துறை துறையாகப் போய்ச் சொன்னவர் சின்னத்தம்பியார். இம்முறை அடையாளங்கள் குவிந்தன. பெரிய வலைகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. என் உத்தியோகமும் நிரந்தரமாகவில்லை.

கலியாணம் மட்டும் நடந்தது. நான் தாலி முடியும்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “இறுக்கிக் கட்டுங்க தம்பி, இதயும் தண்ணிக்க விட்டிராதீங்க!” ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்.

தங்கம்மாவுக்கும் எனக்கும் இப்போது தலை வெளுத்துவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்குக் கொடுவா வந்தால் அவள் உடனே வெட்டமாட்டாள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாலைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொல்வாள்:

“கொஞ்சம் பொறுங்க. உங்கட மூத்த தாரமா இருந்தாலும் இருக்கும்.”