பச்சைக்காரனின் ஒரே குறை

ஆறாவது தடவையும் நீல உடைக்காரன் பாலத்திலிருந்து தலைகுப்புற விழுந்தான். மணிவண்ணன் நோட்டில் 'ரத்தம் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி ஹாலுக்கு யாரோ ஒரு வீடியோ கேமைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். சூப்பர் ஹீரோ ஒருவன் பறந்து பறந்து ரோபோக்களை உதைக்கிற ஆட்டம். எந்த வயதுக்கானது என்று அட்டையில் போட்டிருந்த இடம், விலைச் சீட்டைப் பிய்த்தபோது அதோடு கிழிந்துபோனது. சின்னக் குழந்தைகள் ஆடலாமா, கூடாதா என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் சண்டை. கடைசியில் மணிவண்ணன், தானே சோதித்து ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட் தருவதாக அறிவித்தார். அவர் தேறாது என்றால் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

யாரும் மறுக்கவில்லை. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் தர ஆய்வாளர். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு போல்ட்கூடத் திரும்பி வந்ததில்லை. இது காலனியில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லியிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், முதல் பாலத்தையே தாண்ட முடியவில்லை. முழுசாகப் பார்க்காத பொருளுக்கு அவர் கையெழுத்துப் போடுவதில்லை.

"காலையிலேர்ந்து ஒரே பாலமா?" என்றாள் மனைவி மாதங்கி. "ரஷ்மிகிட்ட குடுங்க. ஒரு நிமிஷத்துல தாண்டிடுவா."

"யாருக்காக டெஸ்ட் பண்றோமோ அவங்க கையிலயே பொருளைக் குடுக்கக் கூடாது. ரூல்."

ஏழு வயது மகள் ரஷ்மி பின்னால் சாப்பாட்டு மேசையில் ஹோம்வொர்க்கை விட்டுவிட்டுத் தெலுங்கில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிளியர் ஆகாத பொருளைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுந்து போய் அவள் நாற்காலியைத் திருப்பி, டிவிக்கு முதுகும் கண்ணாடி வைத்த பீரோவுக்கு முகமுமாக உட்கார வைத்தார். ஆட்டத்தோடு வந்த இரண்டு கன்ட்ரோலரில் ஒன்றின் மேல் 'ஸ்பேர்' என்று சீட்டு ஒட்டி, பீரோவின் கீழ்த் தட்டில் வைத்தார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டார். அன்றைக்குத்தான் பச்சைக்காரன் வந்தான்.

பச்சைத் துணியை முதுகில் கட்டிய ஒரு துணைவன். எங்கிருந்தோ குதித்து, விழப்போன நீலக்காரனைத் தாங்கிப் பிடித்தான். சிரமப்படுகிறவருக்கு ஆட்டமே உதவி அனுப்புகிறது என்று மணிவண்ணன் புரிந்துகொண்டார். 'பிறருக்கு உதவும் குணம் வளரும்' என்று எழுதி அடிக்கோடிட்டார். மூன்று நாளில் பதினோரு கட்டம் முடிந்தது.

ரஷ்மியும் தினமும் அந்த நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தாள். அவள் இத்தனை அமைதியாக ஹோம்வொர்க் செய்து மாதங்கி பார்த்ததில்லை. நாற்காலியைத் திருப்பியதன் பலன் என்று மணிவண்ணன் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பச்சைக்காரனிடம் ஒரே குறை. வலப்பக்கம் போகவேண்டிய இடத்தில் இடப்பக்கம் ஓடிச் சுவரில் முட்டுவான். பிறகு சுதாரித்துத் திரும்புவான். 'பத்தில் ஏழு முறை திசைக் கோளாறு' என்று பதிவாயிற்று.

சனிக்கிழமை கடைசி ரோபோவும் விழுந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டார். முப்பத்தொரு கட்டைவிரல்கள் வந்தன. சங்கச் செயலாளர் லூர்துமேரி, எல்லோர் முன்னாலும் ஒரு தடவை ஆடிக் காட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மணிவண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் போனார். சோதிக்காத ஸ்பேரை வெளியே எடுக்கும் பழக்கம் இல்லாததால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

ஹால் நிறையக் கூட்டம். முதல் பாலம். நீலக்காரன் விழுந்தான். பச்சைக்காரன் வரவில்லை. மறுபடி விழுந்தான். முன்வரிசைக் குழந்தைகள் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்பது வரை எண்ணினார்கள்.

"சார், முடிச்சதா போட்டோ போட்டீங்களே?" என்றார் லூர்துமேரி, மெதுவாகத்தான்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேறு யாராவது என்றால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார்கள். மணிவண்ணன் நிமிர்ந்து நின்றார்.

"நேத்து வந்த துணை ஆளு இன்னிக்கு வரலை. வந்தப்பவும் திசை தெரியாம ஓடினான். ஒரு நாள் வேலை செஞ்சு ஒரு நாள் செய்யாத பொருளை நான் பாஸ் பண்றதில்லைங்க. அது பீரங்கியா இருந்தாலும் சரி, பொம்மையா இருந்தாலும் சரி."

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஒரு பொடிப்பயல் அழத் தயாரானான்.

முன்வரிசையிலிருந்து ரஷ்மி எழுந்தாள்.

"நக்கோ, வேணாம் அப்பா, ரிஜெக்ட் பண்ணாத, பச்சைக்காரன் நல்லவன்தான், பீரோ கண்ணாடியில பாத்து ஆடினேன்ல, அதான் எனக்கு ரைட்டெல்லாம் லெஃப்டாத் தெரிஞ்சுது."