ராகு காலத்துக்கு முன் புறப்பட்ட கோல்ஃப் பை

கார் ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிக்கிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம். என் வீட்டுக்காரர் குமரேசன் பல் தேய்த்தால்கூடப் பக்கத்தில் நின்று, "அந்தாண்ட இன்னும் தேயுங்க" என்று சொன்னால்தான் எனக்குக் காபி இறங்கும். வானகரத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் என்னைச் சங்கச் செயலாளராகப் போட்டதே இந்தக் குணத்தைப் பார்த்துத்தான். (போட்டவர்கள் எல்லாரும் இப்போது லிஃப்டில் என்னைக் கண்டால் மாடிப்படியில் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.)

ஆகவே, கோல்ஃபில் கற்றுக்குட்டியாக இருக்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு கேடி இருந்தால் ஆட்டம் தேறுமா என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. கேடி என்பவர் ஆடுகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, எந்த மட்டையை எடுக்கலாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்கிறவர். (பெயரைக் கேட்டு நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நானும் சிரித்தேன். அப்புறம் நானே கேடியானேன்.)

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மேலாளர். திருவாரூர்ப் பக்கத்து மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். நான் சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு அதிராமல் பேச வராது. அவர் கம்பெனியின் எம்.டி.க்குக் கோல்ஃப் என்றால் உயிர். ஒரு தீபாவளிக்கு மேலாளர்கள் எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலாகக் கம்பெனி முத்திரை போட்ட கறுப்பு கோல்ஃப் பை கொடுத்தார். எல்லாரும் ஒன்றுதான் என்று காட்டுவதற்காகத் தானும் அதே பையைத்தான் வைத்துக்கொண்டார். அதற்குள் போட மட்டை மேலாளர்கள் யாரிடமும் கிடையாது. எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் அதில் குடைகளும் ஒட்டடைக் கம்பும் இருந்தன.

அப்போதுதான் புனேயில் கம்பெனி புது யூனிட் தொடங்கும் பேச்சு வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு மேலாளர்களில் ஒருவரை எம்.டி. அனுப்பப் போகிறார், அந்த இருவரில் ஒருவர் இவர் என்று தெரிந்தது. எங்கள் மகள் யாழினி அப்போது ப்ளஸ் ஒன். புதுசாக வாங்கிய வீட்டுக்குள் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. இவருக்குப் போக மனசே இல்லை, ஆனால் எம்.டி. முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்ல வாயும் இல்லை. ஜப்பானிலிருந்து வரும் கஸ்டமருக்காகக் கம்பெனி ஒரு சனிக்கிழமை கோல்ஃப் ஆட்டம் வைத்தபோது இவருக்கு ஒரு வழி தோன்றியது. கௌரவமாக ஆடிவிட்டால், அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் எம்.டி. சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்து, அம்பத்தூரிலேயே விட்டுவிடும்படி கேட்டுவிடலாம். அதற்காகப் பழைய மட்டைகள் வாங்கி, ஞாயிறுதோறும் பயிற்சிக்குப் போய், உள்ளங்கையெல்லாம் கொப்புளம் ஆக்கிக்கொண்டார்.

ஆட்டத்துக்கு முந்தின வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. மைதானத்துக் கேடிகள் எம்.டி.க்கும் விருந்தாளிக்கும் மட்டும்தானாம். மற்றவர்கள் வேண்டுமானால் தாங்களே ஆள் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

"நான் வரேன்" என்றேன்.

அவர் போனைக் கீழே வைத்தார். "நீயா?"

"பின்ன? பையைத் தூக்கினு கூட நடக்கணும், அவ்ளோதானே. உங்களுக்குத் தைரியம் சொல்ல ஒரு ஆள் வோணாமா?"

"பேசாம வருவியா?"

"நான் இன்னாத்துக்குப் பேசப் போறேன்."

உள்ளறையில் யாழினி சிரிக்கிற சத்தம் கேட்டது.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அன்று சாயங்காலமே போனில் நாலைந்து வீடியோ பார்த்து, கோல்ஃபில் இனி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நிலைக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு அவருடைய மட்டைகளையும் புளி போட்டுத் தேய்த்தேன். பையின் பக்கவாட்டில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்த எவர்சில்வர் டப்பா. அது என் கல்யாணச் சீரில் வந்தது. மூடியில் என் அப்பா 'தனலட்சுமி, சேக்காடு' என்று பெயர் வெட்டிக் கொடுத்திருந்தார். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துப் பைக்கு வெளியே கட்டப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் பையில் பந்து வைக்கிற அறைக்குள் போட்டேன்.

மைதானம் நசரத்பேட்டையைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருந்தது. போய் இறங்கி ஆட்டம் எப்போது என்று கேட்டால் ஒன்பதே கால் என்கிறார்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். புருஷனின் எதிர்காலத்தையே தீர்மானிக்கிற காரியத்தை யாராவது ராகு காலத்தில் தொடங்குவார்களா?

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. ராகு காலத்தில் ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தால், அது தொடங்கும் முன்பே ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். பெட்டி போய்விட்டதால் பயணம் நல்ல நேரத்தில் தொடங்கியதாகக் கணக்கு. நாம் அப்புறம் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதே கணக்கில், ஒன்பது அடிக்கும் முன் எங்கள் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு போய், ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லில் வைத்தேன். மனசு நிம்மதியானது. திரும்பி வந்து அவருக்கு விபூதி பூசிவிட்டேன்.

நான் விபூதி பூசிய அந்த நேரத்தில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எம்.டி.யும் ஜப்பான்காரரும் மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவதாக ஏற்பாடு. அவர்களைப் பேட்டரி வண்டியில் ஏற்றிப் போக வந்தவர், வரிசையாக நின்ற எல்லாப் பைகளுக்கும் முன்னால் ஒரு பை தனியாக ராஜா மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறார். முன்னால் நிற்பது முதலாளி பையாகத்தான் இருக்கும் என்று எங்கள் பையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எம்.டி.யின் பை வரிசையிலேயே நின்றது. நான் வந்து பார்த்தால் புல்லில் பை இல்லை, வரிசைக் கடைசியில் ஒன்று இருந்தது. யாரோ நல்ல மனுஷன் வழியில் கிடக்கிறதே என்று எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, தோளில் மாட்டிக்கொண்டேன்.

முதல் மட்டையை உருவியதுமே என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது, புதுசு மாதிரி மின்னுது?"

"புளி போட்டுத் தேச்சேன்ல."

"கைப்பிடிகூடப் புதுசா இருக்கே."

"அதையும் தேச்சேன்."

அவர் முகத்தில் என் மேல் ஒரு மரியாதை வந்தது. இருபது வருஷத்தில் நான் அதைப் பார்த்தது அப்படி ஒன்றும் அதிகமில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு நான் செய்த உதவியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அவர் மட்டையை ஓங்கும்போது "தலையைத் தூக்காதீங்க" என்பேன். ஓங்கிய மட்டை பாதி வழியில் நிற்கும். மறுபடி ஓங்கினால் "மூச்சை உட்டுட்டு அடிங்க" என்பேன். முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காற்று பார்த்து, "காத்து அந்தாண்டேர்ந்து வருது, இந்தாண்ட அடிங்க" என்பேன். பந்து அந்தாண்டையும் போகவில்லை, இந்தாண்டையும் போகவில்லை. மண்தான் கிளம்பியது. ஒரு முறை பந்து சேற்றில் போய் விழுந்தது. புது வெள்ளைப் பந்து சேற்றில் கிடக்கப் பொறுக்காமல் நான் ஓடிப்போய் எடுத்து, முந்தானையில் துடைத்து, பக்கத்தில் நல்ல புல்லாகப் பார்த்து வைத்தேன். அவரோடு ஆட வந்திருந்த கணக்குப் பிரிவு மேலாளர், அப்படிச் செய்யக் கூடாது மேடம், அதற்குத் தண்டனை உண்டு என்று பணிவாகச் சொன்னார். சேறும் சகதியுமாக ஆடுவதுதான் உங்கள் விளையாட்டா என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். அவர் அதற்கப்புறம் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நடந்தார்.

அப்போது ஒரு காவலாளி வியர்க்க விறுவிறுக்க வந்தார். "யக்கா, எம்.டி. பை காணோமாம். கறுப்புப் பை. யாரனா தூக்கினு போனதைப் பாத்தியா?"

எனக்கு ஒரே பதைப்பு. திருட்டு என்றால் சங்கச் செயலாளர் சும்மா இருக்க முடியுமா? என் வீட்டுக்காரரை ஆடச் சொல்லிவிட்டு அந்தக் காவலாளியோடு புதர் புதராகத் தேடினேன். பொருளைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவர்களுக்கெல்லாம் எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டேன். கேமரா எங்கே வைக்க வேண்டும், வாசலில் எப்படி ஆள் போட வேண்டும் என்று யோசனை சொன்னேன். இத்தனையும் எம்.டி.யின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

பின்னால் 'டக்' என்று ஒரு சுத்தமான சத்தம் கேட்டது. திரும்பினால், என் வீட்டுக்காரர் கையில் இருந்த மட்டையால் அடித்த பந்து வானத்தில் அழகாக வளைந்து போய்க் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. அன்றைக்கு அவர் அடித்த ஒரே நல்ல அடி அது.

"பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரி தலையைத் தூக்கலை" என்றேன்.

"நீ அப்ப பக்கத்துல இல்ல, புதர்கிட்ட இருந்தே" என்றார் மெதுவாக.

அந்த நேரத்தில்தான் பரிசளிப்புக்காகப் பந்தலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பேசியது. "சேக்காடு தனலட்சுமி எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும்."

அவர் முகம் வெளுத்தது. "உன்னை எதுக்குக் கூப்பிடறாங்க?"

"பரிசுங்க" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சிறந்த கேடி என்று ஒன்று வைத்திருப்பார்கள், மனைவியே பை தூக்குவதைப் பார்த்து ஜப்பான்காரர் நெகிழ்ந்திருப்பார் என்று என் புத்தி போனது. தொப்பியைச் சரி செய்துகொண்டு, பையை நன்றாக எல்லாரும் பார்க்கும்படி முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.

பந்தலில் எம்.டி. உட்கார்ந்திருந்தார். மறுகோடிக்குப் போன பிறகுதான் அவர் பை மாறியதைக் கண்டுபிடித்திருக்கிறார். விருந்தாளி முன்னால் காட்டிக்கொள்ளக் கூடாதென்று, எங்கள் பழைய மட்டைகளை வைத்தே ஆடி, ஆடிய எல்லாக் குழியிலும் தோற்றிருக்கிறார். நடுவில் பந்து எடுக்கக் கையை விட்டவருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கிடைத்திருக்கின்றன. பையின் பக்கவாட்டு அறையில் டப்பா. மூடியில் என் பெயர். இப்போது ஜப்பான்காரர் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு வறுவலை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எம்.டி. மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோளில் இருந்த பையைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற அந்தக் காவலாளி, "இன்னாக்கா இது" என்று முனகியது மட்டும் கேட்டது.

என் அவமானம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மனுஷனின் கொப்புளக் கையைப் பார்த்தேன், அழுகை வந்தது. இத்தனை ஞாயிறு பாடுபட்டதை ஒரே காலையில் நான் பாழாக்கிவிட்டேன். "சார், அவர் ஒண்ணுமே பண்ணலை. ராகு காலத்துக்கு முன்னாடி பையை நான்தான் வெளிய வெச்சேன்" என்று ஆரம்பித்து, சேக்காட்டில் பக்கத்து வீட்டில் பெட்டி வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

எம்.டி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் பத்தரை வரைக்குமா?" என்றார்.

"ஆமா சார்."

"அதான்" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "புனே யூனிட்டுக்குப் பக்கத்துலயே கோல்ஃப் மைதானம் இருக்கும்மா. அங்க போறவர் கஸ்டமரோட வாரா வாரம் ஆடணும். குமரேசன் போனா நீங்களும் கூடப் போவீங்களா?"

புருஷனுக்கு அனுசரணையான பெண்டாட்டிதானா என்று சோதிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். போன மானத்தை இதிலாவது மீட்டுவிட வேண்டும். "பின்ன இன்னா சார், அவரைத் தனியா உட்டுடுவேனா? எங்க ஆடினாலும் பை என் தோள்லதான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எம்.டி. ஒரு பெருமூச்சு விட்டார்.

"குமரேசன், நீங்க அம்பத்தூர்லயே இருங்க."

மூன்று மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வேண்டுகோளில் ஒரு வார்த்தைகூட அவர் பேச வேண்டி வரவில்லை. திரும்பி வரும்போது வானகரம் நெருங்குகையில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், வண்டி ஓட்ட முடியவில்லை. "இண்டிகேட்டர் போட்டுட்டு ஓரமா நிறுத்துங்க" என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

டப்பா திரும்பி வரவில்லை. ஜப்பான்காரருக்குப் பிடித்துப்போய்விட்டதென்று எம்.டி. அதை அவருக்கே கொடுத்துவிட்டாராம். இன்றைக்கும் ஜப்பானில் ஏதோ ஒரு சமையலறையில் 'தனலட்சுமி, சேக்காடு' இருக்கிறது. இங்கே நான் யாருக்காவது யோசனை சொல்ல வாயைத் திறந்தால் போதும், யாழினி கையைக் குவித்துக்கொண்டு, "சேக்காடு தனலட்சுமி எங்கிருந்தாலும்" என்று ஆரம்பிப்பாள். அவள் அப்பா, "பையோடு வரவும்" என்று முடிப்பார்.

அவர் கோல்ஃபை விடவில்லை. ஞாயிறு தவறாமல் பயிற்சிக்குப் போகிறார். முன்பெல்லாம் காலையில் போனவர், இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கிளம்புகிறார். வெயில் தாழ்ந்திருக்கும் என்று காரணம் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், அந்த நேரத்தில் நான் வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

போன ஞாயிறு நாலு மணிக்கே என் செருப்பைக் கொண்டுபோய் அவர் காருக்குள் வைத்துவிட்டேன்.