மாடிக் கம்ப்யூட்டரும் கூடத்துக் கம்ப்யூட்டரும்

"தெரியுதா?" என்று கூடத்திலிருந்து கத்தினார் போஸ்ட்மாஸ்டர்.

"தெரியுது அண்ணே!" என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

போஸ்ட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "என்ன தெரியுது?"

"எதிர் வீட்டு மொட்டை மாடி. துணி காயப் போட்டிருக்காங்க."

"அம்மா தாயே! ஜன்னல்ல பார்க்கச் சொல்லலை, கம்ப்யூட்டர்ல பார்க்கச் சொன்னேன்! 'கூடம்'னு ஒரு பேர் வந்திருக்கா?"

"அது வரலையே அண்ணே."

போஸ்ட்மாஸ்டர் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் ரிட்டயர் ஆகி மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் தெருவுக்கே அவர் போஸ்ட்மாஸ்டர்தான். மாடியில் இருப்பவள் காஜாக்கா. அவர் மனைவி முன் அறையில் நடத்தும் தையல் கடையில் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பவள். கம்ப்யூட்டருக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இருந்தாலும் மாடியில் ஒரு ஜோடிக் கண் வேண்டுமே என்று அவளைத்தான் மனைவி அனுப்பி வைத்திருந்தாள்.

பிரச்சினை சின்னதுதான். பல் டாக்டரம்மா மகளின் கல்யாண உடுப்புக்கு ஒரு பூ வேலை. அந்தப் பூவின் படம் மாடிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிரிண்டரோ கூடத்துக் கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். இரண்டும் அரதப் பழசு. மனைவியின் தம்பி தன் கம்ப்யூட்டர் கடையிலிருந்து கொண்டு வந்து போட்டவை. மாடியில் இருப்பதற்கு இன்டர்நெட் என்றால் ஒரு வெள்ளைத் திரையைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். பென் டிரைவில் எடுத்து வரலாமே என்றால், பென் டிரைவ் சொருகும் ஓட்டையைப் போன வாரம்தான் போஸ்ட்மாஸ்டர் தூசி எடுக்கிறேன் பேர்வழி என்று ஊசியால் குடைந்து வைத்திருந்தார். ஆக, இரண்டையும் ஒயர் போட்டு ஒன்றுக்கொன்று தெரிய வைப்பது ஒன்றுதான் வழி.

"நாலு மணிக்கு டாக்டரம்மா வந்துடுவாங்க," என்று காலையில் மனைவி கையைப் பிசைந்தாள். "பூப்படம் பேப்பர்ல வந்தாத்தான் ஊசியிலேயே நூல் கோக்க முடியும். வரலைன்னா ஆர்டரை வேற கடைக்குத் தூக்கிக் கொடுத்துடுவாங்க. இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தின பேரு போயிடும். நீங்கதாங்க பார்த்துச் செய்யணும்."

நீங்கதாங்க! அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதமாக ஏங்கிப் போயிருந்தார் மனுஷர். ஆபீசில் ஒரு தபால் பை அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. வீட்டிலோ அவர் இல்லாமல் எல்லாமே நகர்ந்தது. ஏதாவது உதவலாம் என்று முதல் மாதம் கடைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். நூல் கண்டுகளை எல்லாம் ஊர்வாரியாகத் தபால் பிரிப்பது போல் பிரித்து அடுக்கினார். அதன் பிறகு சிவப்பு நூல் எங்கே இருக்கிறது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாளிடம், "போன தடவையை விட இடுப்பு ரெண்டு அங்குலம் கூடியிருக்கே!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சந்தோஷமாக அறிவித்தார். அந்த அம்மாள் அப்புறம் அந்தத் தெரு வழியாகக்கூடப் போவதில்லை.

இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. விடுவாரா?

மச்சானுக்கு போன் போட்டார்.

"அத்தான், அது ஒண்ணுமே இல்லை," என்றான் மச்சான். "ரெண்டும் ஒரே குரூப்ல இருக்கணும். குரூப் பேர் வேற வேறயா இருந்தா ஒண்ணு முகத்தை ஒண்ணு பார்க்காது. பேரை ஒண்ணாக்குங்க."

"அவ்வளவுதானே? காஜாக்கா! மாடியில குரூப்னு போட்டு என்ன பேர் இருக்கு?"

எங்கே அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டிய பிறகு, "'வீடு'ன்னு இருக்கு அண்ணே!" என்று பதில் வந்தது. கீழே 'ஆபீஸ்' என்று இருந்தது. அவர் வைத்ததுதான், பழக்க தோஷம். அதை அடித்துவிட்டு 'வீடு' என்று போட்டார். கம்ப்யூட்டர் அணைந்து, யோசித்து, உறுமி, மறுபடி எழுந்து வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கலாம்.

"இப்போ தெரியுதா?"

"இல்லையே அண்ணே!"

மூச்சு வாங்க மாடி ஏறிப் பார்த்தார். அங்கே 'ஆபீஸ்' என்று இருந்தது.

"இதை யாரு மாத்தினது?"

"நான்தான் அண்ணே. கீழே 'ஆபீஸ்'னு இருக்கு, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு நீங்கதானே போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க? சும்மா உட்கார்ந்திருக்கமேன்னு நானே மாத்திட்டேன்." காஜாக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

போஸ்ட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்ளப் போய், கையைப் பாதியில் நிறுத்தி வழுக்கையைத் தடவிக்கொண்டார். பேரைத் திருத்தினார். அப்புறமும் தெரியவில்லை.

"அப்படியா?" என்றான் மச்சான். அவன் குரலில் ஏதோ உற்சாகம். "அப்போ அட்ரஸைப் பாருங்க அத்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நம்பர்ல ஒரு அட்ரஸ் உண்டு. அது கோளாறா இருக்கும். நீங்களே கையால போட்டுடுங்க."

அட்ரஸ்! போஸ்ட்மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத கிறுக்கலை எல்லாம் சரியான வாசலில் கொண்டு சேர்த்தவர். அவரிடம் போய் அட்ரஸ் பற்றிப் பேசுகிறான் பொடியன்!

"நீ போனை வை மாப்ள. இனிமே நான் பார்த்துக்கறேன்."

நெட் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு நம்பர் இருந்தது. அதைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். மாடி ஏறி, அதே நம்பரை அங்கேயும் போட்டார். அவர் கணக்கில் தப்பே இல்லை. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வீட்டில்தானே குடியிருக்கின்றன? ஒரே வீட்டுக்கு இரண்டு விலாசம் எங்காவது உண்டா? அப்படி எழுதினால் தபால் திரும்பிப் போய்விடாதா?

மூன்று பேருக்கு ஒரே விலாசம் என்றதும் நெட் பெட்டிக்கே தான் யார் என்ற சந்தேகம் வந்துவிட்டது. கூடத்துக் கம்ப்யூட்டர் மூலையில் மஞ்சளாக ஒரு முக்கோணத்தை நீட்டிச் சண்டைக்கு வந்தது. மாடிக் கம்ப்யூட்டர் 'கூக்' என்று ஒரு சத்தம் போட்டு அப்படியே உறைந்தது. முன் அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, என் போன்ல நெட் வரலையே?"

"வரும், வரும். சின்னதா ஒரு சிக்கல்."

"அவசரமே இல்லைங்க, நிதானமாப் பாருங்க," என்றாள் மனைவி. இவ்வளவு பொறுமையாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. பாவம், பயத்தில் கோபப்படக்கூட மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அவருக்கு மனசு கரைந்தது.

மறுபடி மச்சான். இந்தத் தடவை அவன், "காவல் புரோகிராமை அணைச்சுப் பாருங்க," என்றான். அணைத்தார். "தேதி சரியா இருக்கா?" என்றான். மாடிக் கம்ப்யூட்டரின் தேதி இருபது வருஷம் பின்னால் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக முத்திரையில் தேதியை மாற்றியவருக்கு உடம்பெல்லாம் பதறியது. மாற்றினார். அணைத்துப் போட்டதும் அது மறுபடி இருபது வருஷம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாஸ்வேர்டு வச்சிருக்கீங்களா அத்தான்?"

"பின்னே? வீட்டைத் திறந்து போட்டுட்டா இருப்பாங்க?"

"அதை எடுத்துடுங்க."

எடுத்தார். பாஸ்வேர்டு இல்லாத ஆளை உள்ளே விட முடியாது என்றது கம்ப்யூட்டர். போட்டார். நீ போட்டது தப்பு என்றது. பூட்டுப் போட்டால் சாவி கேட்கிறது, பூட்டை எடுத்தால் பூட்டு எங்கே என்கிறது. இப்படி ஒரு அதிகாரியிடம் வேலை பார்த்திருந்தால் அவர் என்றைக்கோ ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பார்.

"அண்ணே, டாக்டரம்மா வர நேரமாச்சு," என்று படியில் நின்று நினைவுபடுத்தினாள் காஜாக்கா. "பேசாம மேலே இருக்கிறதைக் கீழே தூக்கிட்டு வந்து பக்கத்துல வச்சுட்டா?"

அதையும்தான் பார்த்துவிடலாமே! கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்தபடி பின்பக்கமாகப் படி இறங்கினார். பாதிப் படியில் ஒயர் காலைச் சுற்றியது. காஜாக்கா ஓடிவந்து கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பிடிக்க அவளுக்குக் கை மிச்சமில்லை. கடைசி மூன்று படியை அவர் உட்கார்ந்தபடியே கடந்தார்.

இரண்டையும் ஒரே மேஜையில் தோளோடு தோள் ஒட்டி வைத்தார்கள். பங்காளிச் சண்டைக்கு அப்புறம் கல்யாணப் பந்தியில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் மாதிரி அவை நேராக முன்னால் பார்த்தபடி இருந்தன. ஒன்று இன்னொன்றைக் கண்டுகொள்ளவே இல்லை.

போஸ்ட்மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. அவளுடைய பேர் போகப் போகிறது, என்னால் போகப் போகிறது, ஒரு பூவை மாடியிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவர முடியாத நானா ஊர் தபாலை எல்லாம் கட்டி மேய்த்தேன் என்று நெஞ்சு கனத்தது. முன் அறையைப் பார்த்தார். அங்கே தையல் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கவலையிலும் வேற யாருக்கோ தைத்துக்கொண்டிருக்கிறாள், என்ன மனுஷி!

அப்போதுதான் பொறி தட்டியது. வீடு ஒன்றுதான். ஆனால் மாடிப் போர்ஷன், கீழ்ப் போர்ஷன் என்று இரண்டு குடித்தனம் இருந்தால்? கதவு எண் ஒன்றாக இருந்தாலும் கடைசியில் ஒரு எழுத்தை மாற்றித்தானே எழுதுவார்கள்! தெரு ஒன்று, வாசல் வேறு. அட, இது தெரியாமலா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினோம்!

நம்பரின் கடைசி எண்ணை மட்டும் ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் போட்டார். நெட் பெட்டியின் நம்பரை அதற்கே திருப்பிக் கொடுத்தார். இரண்டிலும் ஒரே பாஸ்வேர்டை, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லியபடியே அடித்தார். கூடத்துக் கம்ப்யூட்டரின் திரையில், சின்னப் படத்துக்குக் கீழே, 'மாடி' என்று ஒரு பேர் வந்து உட்கார்ந்தது.

"தெரியுது!" என்று அலறினார். "காஜாக்கா, தெரியுது!"

"அய்யோ, அதுக்குள்ளேயா?" என்றாள் காஜாக்கா.

"என்ன அதுக்குள்ளே? காலையிலேர்ந்து உயிரை விட்டுக்கிட்டிருக்கேன்!"

பிரிண்டர் கரகரவென்று இருமி, இதழ் இதழாகப் பூவைத் துப்பியது. வாசலில் கார் வந்து நின்ற சத்தமும் அதே நேரத்தில் கேட்டது. போஸ்ட்மாஸ்டர் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன் அறைக்கு ஓடினார். பல் டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தார். பிறகு போஸ்ட்மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார். பிறகு மறுபடி தாளைப் பார்த்தார்.

"பிரமாதமா வந்திருக்கு சார்," என்றார்.

"எல்லாம் இவரால வந்தது டாக்டர்," என்றாள் மனைவி. "இவர் மட்டும் இல்லைன்னா இன்னிக்கு எனக்கு ஒரு வேலை ஓடியிருக்காது."

போஸ்ட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. "உட்காருங்க, உட்காருங்க, நானே காப்பி போட்டுக் கொண்டாறேன்," என்று அடுக்களைக்குப் பறந்தார். ஆபீசில் பெரிய அதிகாரி வந்தபோதுகூட அவர் கையால் காப்பி போட்டதில்லை.

தட்டில் தம்ளர்களை வைத்துக்கொண்டு, சிந்தாமல் அடிமேல் அடி வைத்து முன் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே டாக்டரம்மா மனைவியிடம் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். பல்லைக் குடையும் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகியவர். ரகசியம் அவருக்கு வராது.

"உடுப்புதான் போன வாரமே வந்துடுச்சே, பொண்ணு போட்டுப் பார்த்துட்டா, கச்சிதமா இருக்கு. நான் வந்தது வேற விஷயமா. எங்க வீட்டுக்காரர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆறார், இந்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத கம்ப்யூட்டர் ரெண்டு உங்க தம்பி கடையில இன்னும் இருக்கா?"